மக்ரூனுக்குள் ஒரு லென்ஸ்

பொய் சொல்வதென்றால் வாயால் சொல்லிவிட வேண்டும். கண்ணால் சொல்லப் போனால் நான் பட்ட பாடுதான்.

எனக்கு மைனஸ் ஆறு பவர். பெண் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவில் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றிருந்தேன். அப்படி ஒரு போட்டோ போனது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை நம்பி ஏரலிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். இருந்தது நாலே நாள். கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். லேசர் என்றார்கள். (கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்கிற தைரியம் எனக்கு ஏது?) மெல்லிசான கண்ணாடி என்றார்கள். மெல்லிசானாலும் கண்ணாடி கண்ணாடிதானே? கடைசியில் லென்ஸ். "கண்ணைக் கசக்காதீங்க, அனல் பக்கம் போகாதீங்க" என்று கடைக்கார அம்மா நாலு தடவை சொன்னார். எங்கள் பிழைப்பே பேக்கரி அடுப்பில்தான் என்பதை நான் சொல்லவில்லை.

பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை கையால் செய்த மக்ரூன்தான் வைக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அன்று காலை, கண்ணாடிக் கால் ஒடிந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, லென்ஸோடு நின்று முட்டை வெள்ளைக்கரு அடித்தேன். முந்திரித் தூளைக் கொட்டும்போது கண் அரித்தது. கசக்கினேன். தட்டெல்லாம் அடுப்பில் ஏறிய பிறகுதான் வலது கண்ணில் உலகம் மங்கியிருப்பது உறைத்தது. தரையெல்லாம் தவழ்ந்து தேடினேன். லென்ஸ் இல்லை. அப்படியென்றால் மாவு நுரைக்குள்தான் விழுந்திருக்க வேண்டும். அப்பாவிடம் சொல்லலாமென்றால் போட்டோ சங்கதியும் சேர்ந்து வெளியே வரும்.

நாலு மணிக்கு வந்தார்கள். பெண் சுகந்தியும் வந்திருந்தாள், தடித்த கண்ணாடியோடு, ஒளிவுமறைவில்லாமல். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. யார் கை தட்டுக்குப் போகிறது, யார் வாய் அசைகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பா என் வயதைக் கேட்டார். தட்டில் எத்தனை மக்ரூன் என்ற கணக்கிலேயே இருந்த நான் "அறுபது" என்றேன்.

அவர் ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"மாமா, அதத் திங்காதிய" என்று பாய்ந்து மிச்சப் பாதியைப் பிடுங்கினேன். தட்டிலிருந்ததையும் மேசையில் கொட்டி நொறுக்க ஆரம்பித்தேன்.

"ஏலே, கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றார் அப்பா.

"லென்ஸு உள்ள கிடக்குப்பா."

"ஏலே, எந்த லென்ஸு?"

எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோ உட்பட. ஏரல்காரர்கள் எழுந்துவிட்டார்கள். சுகந்தி மட்டும் என் முகத்தையே பார்த்தாள்.

"அந்தக் கண்ணு செவந்து கிடக்கே" என்றவள், கையைக் கழுவிக்கொண்டு வந்து, "கீழ பாருங்க" என்று இரண்டு குடும்பத்துக்கும் முன்னால் என் இமையைத் தூக்கினாள். "இங்கனதான இருக்கு. இமைக்குள்ள மடங்கிக் கிடக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் ஒரு மாசம் போட்டுப் பாத்தேன். சரிப்படல. கண்ணாடிக்கே வந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. லென்ஸ் உறுத்துகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது நானும் அவளும் கண்ணாடிதான். ஆனால் இன்றைக்கும் மக்ரூன் டப்பாவைத் திறந்தால் மாமனார் ஒன்றை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்.

"மாப்பிள்ள, நல்லாப் பாத்துக்கிட்டியளா? நான் கடிக்கலாமா?"

நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, சரி என்று தலையாட்டிய பிறகுதான் கடிக்கிறார்.