ஈரப்பதத்தாரின் லண்டன் மெசின்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே காற்றைப் பிழிந்து வாளியில் தண்ணீர் பிடித்த ஒரே மனிதர் ஈரப்பதத்தார்தான். சந்தேகம் உள்ளவர்கள், எண்பத்தைந்து, எண்பத்தாறில் சுன்னாகத்துப் பக்கம் வெங்காயம் நட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பதில் சொல்வார்கள். நானும் அப்போது வயிறு நோகச் சிரித்தவன். இப்போது சிரிப்பு அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது தபால்காரருக்கு மட்டுமே தெரியும். வானொலியில் வானிலை அறிக்கை போனால் ஊரெல்லாம் மழை வருமா என்று கேட்கும். இவர் ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்பார். போகிற வீடுகளில் உப்புப் போத்தலுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். கலியாண வீட்டில் இலையில் விழுந்த அப்பளத்தை ஒடித்துக் காது கொடுத்துக் கேட்டு, "இண்டைக்கு எண்பதுக்கு மேலை நிக்குது காணும்" என்று பக்கத்து இலைக்காரருக்கு அறிவிப்பார். பக்கத்து இலைக்காரர் பாயசத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்.

எல்லாம் விதை வெங்காயத்தால் வந்த வினை. ஆவணியில் கிண்டிய வெங்காயத்தில் நல்லதைப் பொறுக்கி, பிடி பிடியாகக் கட்டி, வீட்டின் பின்னறையில் தொங்கவிடுவார். மழை ஓய்ந்த பிறகு அதுதான் திரும்ப மண்ணுக்குப் போகும். இடையில் ஐப்பசியும் கார்த்திகையும் கிடக்கின்றன. அறைக்குள் ஈரம் புகுந்தால் பாதி அழுகும், பாதி முளைக்கும். தகப்பனார் காலத்திலிருந்து பிறத்தியார் வீட்டு விதை அவருடைய தோட்டத்தில் விழுந்ததில்லை. "பொம்பிளையை வெளியிலை எடுக்கலாம், விதையை எடுக்கப்படாது" என்பார். கோயிலில் பொய் சொன்னாலும் சொல்லுவார், இந்த விஷயத்தில் மாறமாட்டார்.

நான் அப்போது சுன்னாகத்தில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். கலியாணம் ஆகாதவன். அவர் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். அவரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அக்காவுக்கு மழைக்காலத்தில் மூச்சு இழுப்பு வரும். அதற்கென்றுதான் லண்டனிலிருந்த மகள் அந்த மெசினைக் கப்பலில் அனுப்பினாள். சின்ன அலுமாரி அளவில் ஒரு பெட்டி. அறையிலுள்ள காற்றை இழுத்து, அதிலுள்ள ஈரத்தை மட்டும் தண்ணீராக்கித் தன் வயிற்றிலுள்ள வாளியில் விழுத்தும். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கூட்டித் துடைத்து வைத்திருந்தார். மெசின் அந்தக் கட்டிலைத் தாண்டி நேரே வெங்காய அறைக்குப் போனது.

"தம்பி, நீரே சொல்லும். எனக்கெண்டு பிள்ளை அனுப்பினதை உவர் வெங்காயத்துக்குக் குடுத்திட்டார்" என்று அக்கா என்னிடம் முறையிட்டார்.

"உனக்கு வருத்தம் வந்தால் ஆசுப்பத்திரி கிடக்கு. வெங்காயத்துக்கு வந்தால் நான் எங்கை கொண்டு போறது?" என்றார் அண்ணை.



மெசினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. விறாந்தையில் நான் வாசிக்க, அவர் கொப்பியில் எழுதினார். பன்னிரண்டாம் பக்கத்தில் எனக்கு அலுத்துவிட்டது. "மிச்சமும் இதுதான் அண்ணை" என்று புத்தகத்தை மூடினேன். இந்த ஒரு வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னாலும் மறக்க முடியவில்லை.

காற்று உள்ளே போகிற வழியில், தூசியைத் தடுக்கும் வலை போல ஒரு வடி இருந்தது. அதை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்று புத்தகம் சொன்னது. எழுதியவர் வெங்காயச் சருகைக் கண்டிருக்கமாட்டார். ஒரே நாளில் வடி முழுக்கச் சருகு அப்பிக்கொண்டது. அதனால் அண்ணை நாள் தவறாமல் காலையில் பிளக்கைக் கழற்றி, வடியைக் கிணற்றடியில் கழுவி, வெயில் படாமல் குடை பிடித்துக் காயவைப்பார். அது காயும்வரை அவருக்கும் சாப்பாடு இல்லை, அக்காவுக்கும் இல்லை. உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளைச் சேவல் இறகால் தட்டுவார். வாளியில் பாசி பிடிக்காமல் தேசிக்காய்ப் பாதியால் தேய்ப்பார். சேர்ந்த தண்ணீரில் வேட்டி தோய்ப்பார். எங்கள் பக்கத்துக் கிணறுகள் சுண்ணாம்புத் தண்ணீர், சவுக்காரம் இலேசில் நுரைக்காது. மெசின் தண்ணீரோ வாளி வழிய நுரைக்கும். சுன்னாகச் சந்தையில் அவருடைய வேட்டியைப் பார்த்தால் கண் கூசும்.

"அண்ணை, இண்டைக்கு எவ்வளவு கறந்தது?" என்று ரோட்டில் போகிறவர்கள் கேட்பார்கள்.

"காலமை மூண்டு போத்தல். பின்னேரம் இன்னும் பாக்கேல்லை" என்று சைக்கிளை நிறுத்தி, முழு மரியாதையோடு பதில் சொல்வார்.

ஐப்பசி மழையில் மற்ற வீடுகளில் வெங்காயம் முளைக்கத் தொடங்கியது. அவருடைய அறையில் கை பட்டாலே சருகு சலசலத்தது. கறந்ததா என்று கேட்டவர்களைத் தேடித்தேடிக் கூட்டிவந்து காட்டினார். உள்ளே வந்தவர்களை மூச்சுவிடக்கூட விடவில்லை. மூச்சிலும் ஈரம் இருக்கிறதாம்.

கார்த்திகையில் அக்காவுக்கு இழுப்புக் கடுமையானது. மானிப்பாய் ஆசுப்பத்திரியில் சேர்த்துவிட்டு அண்ணையும் கூடவே நின்றார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நாளுக்கு ஒருக்கால் வடியைக் கழுவி விடும். வேறை ஒண்டும் வேண்டாம். விதை உம்மை நம்பித்தான் இருக்கு."

முதல் நாள் கழுவினேன். இரண்டாம் நாள் நண்பர்கள் சீட்டுக்கட்டோடு கடுதாசி விளையாட வந்தார்கள். மூன்றாம் நாளும் வந்தார்கள். நான்காம் நாள் பின்னேரம் ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தால், வடி அடைத்து, உள்ளே தகடுகளின்மேல் வெள்ளையாய் ஐஸ் கட்டி நின்றது. சுன்னாகத்தில், வெங்காய அறைக்குள், ஐஸ்! என் புத்தி குசினிக் கத்தியை எடுக்கச் சொன்னது. இரண்டு குத்துத்தான் குத்தியிருப்பேன். எங்கோ குழாய் ஓட்டையாகி, உள்ளிருந்த குளிரூட்டும் வாயு புஸ் என்று முகத்துக்கு நேரே சீறியது. சீறி ஓய்ந்த பிறகு காற்றாடி மட்டும் சுற்றியது, ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. ஐஸ் கட்டினால் நிறுத்திவிட்டு உருகும்வரை பொறு, கூரானது எதையும் கொண்டு தொடாதே என்று புத்தகத்தில் பதின்மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

அடுத்த நாள் அவர் வருவதாகச் செய்தி வந்தது. நான் செய்த வேலையைக் கேளுங்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளி மெசினின் வாளியை நிரப்பி வைத்தேன்.

அக்காவைக் கட்டிலில் விட்ட கையோடு அவர் வாளியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே, மழை முழுக்கக் குடிச்சிருக்கு!" என்று அக்காவிடம் ஓடினார். மறுநாள் அந்தத் தண்ணீரில் வேட்டியை நனைத்துச் சவுக்காரம் போட்டார். தேய்த்தார், தேய்த்தார், நுரைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உது மெசின் தண்ணிதானே?"

சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் வெங்காயப் பிடிகளை அடுப்படிக்கு மாற்றிப் புகை காட்டியாவது காப்பாற்றியிருப்பார். "ஓம் அண்ணை" என்றேன்.

என்னை நம்பினார். தன் கையை நம்பவில்லை, என் வாயை நம்பினார். சவுக்காரத்தைச் சாரத்தில் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போய், கலப்படம் விற்கிறாய் என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தார். வேறு சவுக்காரம் வாங்கினார். அதுவும் நுரைக்கவில்லை. ஒரு கிழமைக்குள் மூன்று கடைகளோடு கோபம். நானோ விடியுமுன் எழும்பி, களவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் செத்த மெசினின் வடியை ஒழுங்காகக் கழுவிக் குடை பிடித்தார்.

எட்டாம் நாள் அழுகல் மணம் கிளம்பியது. அறையைத் திறந்தால் பிடிகளிலிருந்து தண்ணீர் வடிந்தது. மூவருமாக இருந்து பொறுக்கினோம், ஓர் ஓலைக் கடகம்கூடத் தேறவில்லை. அக்கா மூச்சு வாங்க வாங்கப் பொறுக்கினார். அண்ணை அவரைப் பார்த்துச் சொன்னார்.

"உனக்கெண்டு வந்ததை எடுத்தன். அதுதான் மெசின் கோவிச்சிட்டுது."

நான் அழுகியதை வாரிக்கொண்டு வெளியே போனேன்.

தோட்டம் சும்மா கிடக்கக்கூடாதே. சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எவ்வளவு கறந்தது என்று கேட்டவர்களின் படலைகளில் அவர் விதை கேட்டு நின்றார். கொடுத்தார்கள், சிரிக்காமலே கொடுத்தார்கள். சிரித்திருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. அவர் குனிந்த தலையோடு நாலு பிடி, ஐந்து பிடி என்று கொண்டுவந்து நட்டார்.

பங்குனியில் எனக்கு இடமாற்றம் வந்தது. என் பெட்டியைத் தன் சைக்கிளில் கட்டிச் சுன்னாகம் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ரயில் வரத் தாமதம். பக்கத்தில் நின்று, போகிற ஊரில் கிணற்றுத் தண்ணீர் எப்படியோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. கடுதாசி விளையாடியது, கத்தி, சீறல், கிணற்றுத் தண்ணீர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அடிக்கட்டும் என்று நின்றேன்.

அவர் குனிந்து என் பெட்டிக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினார்.

"முகத்துக்கு நேரை சீறினதெண்டீர். கண்ணிலை கிண்ணிலை படேல்லையே?"

"இல்லை அண்ணை."

"நல்ல காலம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்காவுக்கு உதைச் சொல்லிப்போடாதையும். அவவுக்கு உம்மிலை நல்ல விருப்பம்."

ஒரு ஏச்சு, ஒரு சுடுசொல், எதுவும் இல்லை. ஏசியிருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நானும் மறந்திருப்பேன். கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருடங்கள் போயின. தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி, எங்கள் வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்த கூட்டத்தில் அவரும் அக்காவும் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. நான் விசாரிக்காத இடமில்லை.

அன்றைக்கு ரயில் புறப்பட்ட பிறகும் அவர் கையை உயர்த்தியபடி நின்றார். அந்த முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம்.