நுரை களைந்த ஷாம்பெயின்

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யார்மேல் என்று கேட்டால்தான் தடுமாறுவேன். வரிசை பெரிது, முதல் ஆள் நானே.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இங்கிலீஷ் படித்தவன் நான். அப்பா பனையேறி. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் தேறியதும் மலையடிவாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தற்காலிகக் குமாஸ்தா ஆனேன். புதுவருஷத்தில் வேலையை நிரந்தரமாக்குவதாகத் துரை சொல்லியிருந்தார். (அதை நம்பி வீட்டில் பெண் பார்க்கவே கிளம்பிவிட்டார்கள்.)

கிறிஸ்துமஸ் பகல் விருந்துக்கு ஷாம்பெயின் வாங்கி வந்து பரிமாறும் பொறுப்பைத் துரை என்னிடம் கொடுத்தார். "லேபிள் படிக்கத் தெரிந்தவன் நீதான்" என்றார். பன்னிரண்டு வருஷமாக அந்த வேலையைச் செய்துவந்த பட்லர் மாசிலாமணி அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றிருந்தார். லேபிளை விட்டுவிட்டு அவர் முகத்தை நான் படித்திருக்க வேண்டும்.

நாகர்கோவிலில் சீமைச் சாமான் கடைக்காரன் இரண்டு தினுசு எடுத்து வைத்தான். எது நல்லது? மதுவைத் தொடமாட்டேன் என்று சபையில் கையெழுத்துப் போட்டவனுக்கு என்ன தெரியும்? தேங்காய் பொறுக்குவதுபோல ஒவ்வொரு புட்டியையும் காதருகே வைத்துக் குலுக்கி ஆறு பொறுக்கினேன். கட்டை வண்டியில் அவை மேலும் குலுங்கின. கிறிஸ்துமஸ் காலையில், ஆராதனையையும் விட்டுவிட்டு, பங்களா வந்து சேர்ந்தேன்.

பதநீர்க் கலயத்தை விற்கக் கொண்டுபோகுமுன் திறந்து பார்ப்பது அப்பாவின் பழக்கம். நானும் பார்த்தேன். கம்பியை அவிழ்த்ததும் தக்கை பறந்து அடுக்களை ஓட்டில் மோதியது. புட்டி குபுகுபுவென்று நுரைத்துப் பொங்கியது.

எனக்கு உயிரே போயிற்று. பதநீர் (எங்களுக்கு அக்கானி) இப்படி நுரைத்தால், கலயத்தில் சுண்ணாம்பு போதவில்லை, புளித்துக் கெட்டுவிட்டது என்று பால்குடி மறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அடுத்ததைத் திறந்தேன். அதுவும். ஆறும் அப்படியே.

"அண்ணாச்சி, எல்லாம் புளிச்சுப் போச்சு!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் தலை தூக்கவில்லை. "நீரு படிச்ச ஆளு. நீரு சொன்னா செரியாத்தான் இருக்கும்."

வேலை போய்விடுமே! ஆறையும் அண்டாவில் ஊற்றினேன். அகப்பையால் நுரையைக் களைந்தேன். துணியில் வடிகட்டினேன். நுரை வரவர விடாமல் கிண்டி, குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்த பிறகே புட்டிகளில் திரும்ப ஊற்றித் தக்கை அடைத்தேன். அண்ணாச்சி எனக்குப் புனல் எடுத்துத் தந்தார். (அந்தப் புனலை நான் மன்னிக்கவே மாட்டேன்.)

விருந்தில் துரைமார் எழுந்து நின்றார்கள். ஒரு துரைசாணி முன்கூட்டியே காதைப் பொத்திக்கொண்டாள். நான் தக்கையை இழுத்தேன். ஆடின பல் மாதிரிச் சத்தமில்லாமல் கழன்று வந்தது. கிளாஸில் ஊற்றினேன்.

துரை உற்றுப் பார்த்தார். "நுரை எங்கே?"

"முழுக்க எடுத்துவிட்டேன் சார்" என்றேன் பெருமையாக. "ஒரு பொட்டுக்கூட இல்லை."

மறுநாளே வேலை போய்ப் பெட்டியோடு ஊர் திரும்பினேன். புறப்படும்போது அண்ணாச்சியிடம் கத்தினேன்: "தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?"

"நீரு கேக்கல்லியே, சாரே."

அது உண்மை. அதுதான் கூடுதல் எரிச்சல். இங்கிலாந்தின் நதிகளை ஒப்பிக்க வைத்த வாத்தியாராவது அவர்கள் எதைக் குடிப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம்.

வீட்டில் எல்லாம் கேட்டு முடித்து அப்பா என் முதுகில் தட்டினார்.

"நீ செரியாத்தாம்ல செஞ்சிருக்க மக்கா. கெட்டதைக் குடிக்கப்பிடாதுன்னு அந்தத் தொரைக்கு அவன் அப்பன் சொல்லிக் குடுக்கல்ல போலுக்கு."

இப்போது நாகர்கோவிலில் வக்கீல் ஒருவரிடம் எழுத்து வேலை பார்க்கிறேன். கல்யாணமும் ஆயிற்று. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பா சோடாப் புட்டியின் கோலியை அழுத்துவார். நுரை பொங்கும். "ஏலே, கெட்டுப் போச்சு! இவன்கிட்ட குடுங்க, களஞ்சு தருவான்" என்பார். என் மனைவி அகப்பையை நீட்டுவாள். வீடே சிரிக்கும்.

நான் சிரிப்பதில்லை. நுரை அடங்கும்வரை காத்திருந்துதான் குடிக்கிறேன்.