மானிட்டர் ஒழிப்பு மகாத்மியம்

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த அடுத்த பெரிய காரியம், கட்டிட வரைபடம் தயாரிக்கும் அந்த அலுவலகம் தன் மானிட்டர்களை எல்லாம் விற்றுத் தலைமுழுகியதுதான். ஊழியர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே மடிக்கணினி வழியாக அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை பார்க்கலாம் என்று ஆனதும், மேலாளர் ஒரு தத்துவக் கேள்வியை எழுப்பினார்.

"பாக்க ஆளில்லாத எடத்துல திரை எதுக்கு?"

கூட்டம் அதை ஏகமனதாக ஏற்றது. பதில் சொல்லக்கூடியவர்கள் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. மறுநாளே மானிட்டர்கள் வண்டியேறின. மேலாளருக்குச் 'சிக்கனச் செம்மல்' என்ற பட்டம் வழங்கப்பட்டது. வழங்கியவரும் அவரே.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டர், தன்னை யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், நமக்கென்ன வந்தது என்று ஆகச் சிறிய படத்தை மட்டும் காட்டத் தொடங்கியது. அளவை மாற்றலாம் என்று போனால், பட்டியலில் இருந்ததே அந்த ஒரு அளவுதான். அந்தக் கையகலத் திரையிலும் ஒரு மூலையை மேலாளரின் நாற்காலி அடைத்துக்கொண்டிருந்தது. அவர் தங்களைக் கண்காணிக்கிறார் என்ற உற்சாகம் ஊழியர்களுக்கு எப்போதும் இருக்கவேண்டும் என்பதற்காக, அந்த நாற்காலியின் நேரடிக் காட்சி எல்லார் திரையிலும் ஓட வேண்டும் என்பது விதி.

மிச்சமிருந்த இடத்தில், அங்கே வேலை பார்த்த ஒரு வரைபடக்காரிக்கு, வரையும் மென்பொருளின் சுவர்ப் பொத்தான், கதவுப் பொத்தான், ஜன்னல் பொத்தான் வரைக்கும் தெரிந்தன. வலது ஓரத்தில் இருந்த படிக்கட்டுப் பொத்தான் திரையை விட்டே வெளியேறிவிட்டது. கோடு கோடாகக் கையால் வரையலாமா என்று அவள் கேட்டதற்கு, பொத்தான் இல்லாமல் வரையப்படும் படிக்கட்டு 'அங்கீகரிக்கப்படாத ஏற்றம்' என்று பதில் வந்தது.

ஆகவே அலுவலகம் படிக்கட்டு இல்லாத மாடிகளை வரைந்து தள்ளியது. அதில் ஒரு வீடு கட்டியும் முடிந்தது. வீட்டுக்காரர், மாடிக்கு எப்படிப் போவது என்று கேட்டுக்கொண்டு வந்தார். மேலாளர் அந்த இடத்திலேயே 'ஏணிக் கட்டிடக்கலை' என்ற புதிய நெறியை நிறுவி, அதன் முதல் ரசிகர் என்று அவருக்குக் கைகொடுத்து அனுப்பினார். கூடவே 'திரைச் சுருக்க ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. கண்ணைத் திரைக்கு அருகில் கொண்டுபோகலாம் என்று முதல் கூட்டம் கண்டறிந்தது. குறைவாகப் பார்த்தால் குறைவான தவறுதான் தெரியும் என்பதை அடுத்த கூட்டம் சாதனையாகப் பதிவு செய்தது.

அப்போதுதான் பிரசவ ஆஸ்பத்திரி வேலை வந்தது. இரண்டு தளம், பிரசவ அறை மாடியில். திங்கட்கிழமை அலுவலகத்தின் முதலாளியம்மா நேரில் வந்து பார்க்கப்போகிறார். வரைபடத்தின் அடியில் இருக்கப்போவது, இன்னும் வேலை நிரந்தரமாகாத வரைபடக்காரியின் கையெழுத்து. வேலை போகும் பயம் ஒரு பக்கம். இடுப்பு வலியோடு ஒருத்தி ஏணியில் ஏறுவதை நினைத்தபோது அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

வீட்டில் அவள் திரையோடு மூக்கை உரசிக்கொண்டிருந்ததை அவளுடைய நாத்தனார் பார்த்தாள்.

"என்ன அண்ணி, சாவித் துவாரம் வழியா எட்டிப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? இதுக்கு என்ன வழின்னு இன்டர்நெட்ல தேடிப் பாத்தீங்களா?"

"தேடலாமான்னு அனுமதி கேட்டு எழுதியிருக்கேன்."

நாத்தனார் அனுமதி இல்லாமலே தேடினாள். குழு மாதக்கணக்கில் தேடிய விடை, டீ ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது. கட்டைவிரல் அளவில் ஒரு போலி பிளக். மானிட்டர் ஒயர் செருகும் இடத்தில் அதைச் செருகினால், பெரிய மானிட்டர் ஒன்று மாட்டியிருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிடும். நம்பினால் முழு அளவில் படம் காட்டும்.

பிளக்கை வாங்கிக்கொண்டு வரைபடக்காரி அலுவலகத்துக்கே போனாள். மேலாளர் அதைத் தொடாமல் பார்த்தார்.

"இல்லாததை இருக்குன்னு சொல்றதா? அதுவும் நம்ம ஆபீஸ்ல?"

"பொய்யின்னு ஏன் சார் நினைக்கிறீங்க? யாரோ நம்மளப் பாக்குறாங்கன்னு நம்புனா போதும், அது முழுசா வேலை செய்யும்."

மேலாளர் முகத்தில் ஞானம் உதித்தது. உடனே அனுமதி கொடுத்தார். பிளக் உள்ளே போனது. வரைபடக்காரியின் மடிக்கணினியில் படம் இரண்டு பக்கமும் விரிந்தது. வலது ஓரத்தில், தொலைந்துபோய்த் திரும்பி வந்த பிள்ளையைப் போலப் படிக்கட்டுப் பொத்தான் நின்றது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. ஆஸ்பத்திரிக்கு ஆசை தீர மூன்று படிக்கட்டு போட்டாள். பிறகு மனசாட்சி உறுத்தவே ஒன்றை எடுத்துவிட்டு, தள்ளுவண்டி போகச் சாய்தளம் வைத்தாள்.

ஞானம் பெற்ற மேலாளர் சும்மா இருப்பாரா? தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டி, கேமராவுக்கு அது மட்டும் தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கினார். திரை மூலையில் கோட்டைக் கண்ட ஊழியர்கள் பயபக்தியோடு உழைத்தார்கள். வாரம் முழுவதும் கூட்டம் இல்லை, குழு இல்லை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பிளக் வந்தது. எல்லா மாடிக்கும் படி வந்தது.

திங்கட்கிழமை முதலாளியம்மா ஆஸ்பத்திரி வரைபடத்தைப் பார்த்து, வரைபடக்காரியின் வேலையை அங்கேயே நிரந்தரமாக்கினார். பிறகு மேலாளர் எங்கே என்று கேட்டார். அவள் நாற்காலியில் தொங்கிய கோட்டைக் காட்டினாள். தாமதமாக ஓடிவந்த மேலாளர் தன் கண்டுபிடிப்பைப் பெருமையோடு விளக்கினார்.

"நான் இருக்கேன்னு நம்புனாலே போதும் மேடம். நான் இருக்கணும்னு அவசியமே இல்ல."

முதலாளியம்மா அந்தச் சிக்கன யோசனையை மனமாரப் பாராட்டி, கோட்டை மட்டும் வைத்துக்கொண்டார்.

இப்போது அலுவலகத்தை நடத்துவது கோட்டுதான். இதுவரை ஒரு கூட்டமும் கூட்டவில்லை. எந்த வீட்டுக்காரரும் ஏணி கேட்டு வரவில்லை. மேலாளர் பதவிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் அந்தக் கோட்டுக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. இத்தனை நாளும் அதற்குள்ளே ஒரு ஆள் இருந்ததுதான் கோளாறு.