உண்மைவிளம்பியும் தெருக்குழாயும்

ஊர் பெருத்தால் கொசு பெருகும். கூடவே பத்திரிகைக்குக் குறை எழுதுகிறவர்களும் பெருகுவார்கள். கொசுவுக்காவது புகை போடலாம். இவர்களை என்ன செய்வது?

திருவனந்தபுரத்தில் மின்சார விளக்கு வந்த தெருவிலிருந்து கண் கூசுகிறது என்று எழுதுவார்கள். வராத தெருவிலிருந்து இருட்டு என்று எழுதுவார்கள். பஸ் தம்பானூரில் நிற்காவிட்டாலும் கடிதம். நெடுநேரம் நின்றாலும் கடிதம்.

கரமனைப் பக்கம் ஓர் அக்கிரகாரத்தில் இருக்கும் கல்யாணராமய்யரைப் பாருங்கள். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா; ‘பொதுஜனக் குறைகள்’ பத்தியில் ‘உண்மைவிளம்பி’. காலையில் பத்திரிகை வந்ததும் யுத்தத்தையும் விலைவாசியையும் தாண்டி மூன்றாம் பக்கத்து அடிமூலைக்கு நேரே போய், தன் கடிதம் இருந்தால் யாரோ எழுதியதுபோல உரக்கப் படித்து, “பேஷ்! எவனோ விஷயம் தெரிஞ்சவன்” என்று தலையாட்டுவார். இல்லாவிட்டால், “இந்தப் பத்திரிகை உருப்படாது” என்பார்.

தெருவுக்குக் குழாய் வந்தபோது சும்மா இருப்பாரா? குழாய்க்குள் மாட்டுத்தோல் வாஷர்! ஆசாரமுள்ளவர்கள் தெருவில் இந்த அநாசாரமா? உடனே பிடுங்க வேண்டும் என்று எழுதிப் போட்டார். வெளிவரவில்லை. சில நாள் வீம்பாகக் கிணற்றில் இறைத்தார். கை வலித்தது, தோல் மறந்தது. அப்புறம் யாரும் இறைக்காமல் பாழான தெருக் கிணறுகளில் சருகுதான் மிதந்தது.

கடிதத்தை அவர் மறந்தார். ஆசிரியர் மறக்கவில்லை. பக்கத்தில் இடம் காலியான ஒருநாள் போட்டுவிட்டார். மறுநாள் கல்யாணராமய்யரின் பெண் சாவித்ரிக்குக் கல்யாணம்; அந்த அவசரத்தில் அவர் அன்றைய பத்திரிகையைப் பிரிக்கவே இல்லை.

அன்று மத்தியானமே குழாய் இலாகா பிட்டர் வேலாயுதன் வந்தான். “ஒதுங்குங்க சாமி, குழாயைக் கழட்டணும்.”

“என்னப்பா அக்கிரமம்! யார் சொன்னா?”

“எஞ்சினீயர் ஏமானாக்கும். பேப்பர்ல வந்துட்டுதாம். நேர்ல போய்க் கெஞ்சினா அசைய மாட்டாரு, பேப்பர்னா பயம்.”

தெரு கூடிவிட்டது. ஐயரின் மனைவி அனந்தலக்ஷ்மி இடுப்புக் குடத்தை இறக்காமலே, “எந்த மகானுபாவன் எழுதினானோ, அவனாத்துக் கல்யாணத்துக்கு ஜலம் கிடைக்காமப் போகட்டும்!” என்றாள்.

“நன்னாச் சொன்னே” என்றார் ஐயர், ஈனசுரத்தில்.

வேலாயுதனுக்கே மனம் இளகிற்று. “எழுதின ஆள் இப்ப வந்து, தப்பா எழுதிட்டேன்னு சொல்லட்டும். நான் கழட்டாமப் போயிடுதேன்.”

ஐயர் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் பந்திக்குத் தண்ணீர் இருந்திருக்கும்.

எதிர்வீட்டு சேஷன் தன் பத்திரிகையை எடுத்து வந்து கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டு, “நடையைப் பாருங்கோ! நம்ம நாகேஸ்வரனாத்தான் இருக்கணும். வேற யாருக்கு இந்தக் கை வரும்?” என்றார். அருகில் நின்ற நாகேஸ்வரன் இல்லை என்று சொல்ல வேண்டாமா? வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் ஐயரால் தாங்க முடியவில்லை.

“அவனுக்கு ஏதுய்யா இந்த நடை? நானாக்கும் எழுதினேன்! ஒவ்வொரு எழுத்தும் என்னோடது!”

தெருவே திரும்பியது. அனந்தலக்ஷ்மியின் குடம் தானாக இறங்கியது.

“அப்போ தப்புன்னு சொல்லிடுங்க சாமி, போயிடுதேன்” என்றான் வேலாயுதன்.

“தப்பா? அச்சில வந்ததாக்கும்! எங்கே தப்பு, காட்டு பார்ப்போம்!”

குழாய் கழன்றது.

கரமனையாற்றிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாக வந்த தண்ணீரில்தான் சாவித்ரியின் கல்யாணச் சாதம் வெந்தது. முகூர்த்தம் முடிந்த கையோடு ஐயர் ஓர் ஓரமாக உட்கார்ந்து, குழாயே இல்லாத தெருவின் அவலத்தைப் பற்றி உருக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்.

நீங்கள் இந்தக் குறை எழுதும் ஜாதி இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் இந்தச் சித்திரத்தில் ஒரு பிழை கண்டுபிடித்து, ஆசிரியருக்கு எழுத ஒரு தபால் கார்டு எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதன் அடியில் என்ன பெயர் போடப்போகிறீர்கள்?