ஒன்பதாம் நம்பர் கட்டிலும் அண்ணியின் சபதமும்

திருப்பதி,
21-4-1960

என் வீட்டுக்காரருக்கு மூத்த தமக்கையும், கேட்காமலே புத்தி சொல்வதில் சலிக்காதவருமான பொன்னியம்மாள் அண்ணி அவர்களின் பாதங்களுக்கு, தம்பி மனைவி தாட்சாயணி பணிந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. நகரியில் என் வீட்டுச் சாவிக்கொத்து தங்கள் இடுப்பில் தொங்கும்போது சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்? எல்லை பிரித்ததில் தங்கள் திருத்தணி இந்த மாதம் முதல் தேதியிலிருந்து மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்குப் போய்விட்டது. ஊர்தான் போனது, தாங்கள் ஆந்திராவில் என் அடுப்படியிலேயே தங்கிவிட்டீர்கள். பிள்ளைகள் நால்வரையும் பார்த்துக்கொள்வதற்கு நன்றி. சின்னவளுக்குத் தலை பின்னும்போது கொஞ்சம் மெதுவாக இழுக்கவும்.

முதலில் தங்களுக்கு இனிப்பான சேதி: ஜெயித்தது தாங்களே. "பதினோரு வருசமா சோறாக்கினு கெடந்தவளுக்கு ஆஸ்பத்திரி இன்னாத்துக்குடி? ஒரு மாசம் தாக்குப் புடிச்சி, வேலைய நிரந்தரம் பண்ணிக்கினு வந்தீனா எம் பேர மாத்தி வச்சிக்கிறேன்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்களே, பெயரைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். நான் நாடி பார்க்கும் கடிகாரத்தைக்கூட "புளி கரைக்கிறவளுக்கு செகண்டு முள்ளு எதுக்கு?" என்று பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் என்னை ரயிலேற்றினீர்கள். தோற்றவள் சொல்கிறேன், கேட்டுச் சந்தோஷப்படுங்கள்.

இந்தத் தரும ஆஸ்பத்திரியின் மேட்ரன் பெயர் மணியம்மா. நான் சென்னையில் நர்ஸ் படிப்பு முடித்து ஊசி கொதிக்க வைத்த காலத்தில் இந்த அம்மாள் பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வந்த முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்து, "கொயந்த வளத்தவங்களுக்குக் கை மறந்து பூடும். ஒரு மாசம் பாக்கறேன்" என்றாள். கட்டில் விரிப்பில் நான் போட்ட மடிப்பை அடிக்கோல் வைத்து அளந்தாள். அந்தக் கட்டிலில் படுத்திருந்த கிழவருக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று. அதை அளக்க அவளிடம் கோல் இல்லை போலும். நான்தான் அவர் கையைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடி எண்ணினேன். அண்ணி, விரல் மறக்கவில்லை. வைத்த இடத்தில் நாடி துடித்தது. பதினோரு வருஷம் யாருக்கோ அம்மாவாக, யாருக்கோ பெண்டாட்டியாக, தங்களுக்கு வேலைக்காரியாக இருந்தவள் அந்த ஒரு நிமிஷம் தாட்சாயணியாக இருந்தேன். இதெல்லாம் தங்களுக்குப் புரியாது. போகட்டும்.

இந்த ஆஸ்பத்திரியை நடத்தும் கமிட்டியின் காரியதரிசி நாகையா என்றொரு பெரிய மனுஷர். நர்ஸை வைப்பதும் அனுப்புவதும் அவர் கையெழுத்தில்தான். காதுவரைக்கும் மீசை, தோள்வரைக்கும் குடுமி. அவருக்குச் சத்தியவேடு பக்கம் மாந்தோப்பு உண்டு. எல்லைத் தகராறு தீர்ந்து தோப்பு ஆந்திராவுக்கு வந்துவிட்டால் மலைக்கு முடி கொடுப்பதாக வேண்டுதல். தோப்பு வந்தது, முந்தாநாள் மலையேறி மீசை உட்பட எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தார். நேற்றுக் காலைவரை மீசை போன மனிதரை ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்திருக்கவில்லை.

நேற்றுக் காலை ஆண்கள் வார்டில், மலையிலிருந்து இறங்கும்போது பஸ் குடைசாய்ந்து சேர்ந்த பன்னிரண்டு யாத்ரீகர்கள். பன்னிரண்டும் மொட்டை, பன்னிரண்டிலும் சந்தனம். ஒரு வார்டா அது, சட்டிப் பானைக் கடையா? அவர்களில் ஒன்பதாம் நம்பர் கட்டிலுக்குக் குடலிறக்கம், மறுநாள் ஆபரேஷன். எனிமா கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டார். வழக்கமாகக் கொடுக்கும் ஆள் லீவு. வார்டு ஆயா கங்கம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீரும் குழாயுமாகப் போனேன். ஒன்பதாம் நம்பரில் சந்தன மொட்டையோடு ஒருவர் மெத்தையை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாயைக் கண்டதும் எழுந்து, "நேனு காதம்மா! நேனு செக்ரட்டரீனி!" என்று தெலுங்கில் அலறினார், தான் அந்த ஆள் இல்லையாம், செக்ரட்டரியாம்.

அண்ணி, தாங்களே சொல்லுங்கள். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டால் நம் மூத்தவன் சம்பத் என்ன சொல்வான்? "நா சம்பத் இல்ல, சம்பத் வெளிய போயிக்கிறான்" என்பான். நாலு பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் புகட்டியவளிடமா இந்த நாடகம்? "நேத்து ஒருத்தர் கலெக்டர்னாரு. ஒருக்களிச்சிப் படுய்யா" என்றேன். கங்கம்மா காலைப் பிடித்தாள். இருபது வருஷம் அவருக்குக் கும்பிடு போட்டவள், மீசை இல்லாத முகம் அவளுக்கும் அடையாளம் தெரியவில்லை. வேலை சுத்தமாக முடிந்தது. முடிந்த பிறகு நிஜமான ஒன்பதாம் நம்பர் பொடி போட்டுக்கொண்டு வெளியிலிருந்து வந்தார், காரியதரிசியைத் தேடிக்கொண்டு பின்னாலேயே மேட்ரன் வந்து, கட்டிலைப் பார்த்து, "ஐயோ, செக்ரட்டரி சார்!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். புது மெத்தை சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வந்தாராம். காரியதரிசி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மேட்ரன் என்னைப் பார்த்து, "பொட்டிய கட்டு" என்றாள்.

கட்டிவிட்டேன். இரவெல்லாம் அழுதேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், தாங்கள் தெருவில் சொல்லிக்கொள்ள உதவும். வரும் சனிக்கிழமை பாசஞ்சரில் வருகிறேன். தங்கள் தம்பி சிட்டிபாபுவை ஸ்டேஷனுக்கு அனுப்பவும். புளியை ஊறவைத்திருக்கவும், வந்ததும் கரைக்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், பெரியோர்களுக்கு வணக்கங்கள், தங்களுக்கு இரண்டும் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தோற்றுப்போன தாட்சாயணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் காரியதரிசி கூப்பிட்டனுப்பினார். மொட்டைத் தலையும் மலர்ந்த முகமுமாக உட்கார்ந்திருந்தார். "பத்து வருசமா மலச்சிக்கலும்மா. நா யாருன்னு தெரிஞ்சிக்கினு அல்லாரும் பயந்துக்கினே சூரணம் குடுத்தாங்க. நீதாம்மா நா யாருன்னு பாக்காம வைத்தியம் பண்ணே. நேத்து ராத்திரிதான் நிம்மதியா துன்னேன், தூங்கனேன்" என்று சொல்லி, மேட்ரன் எதிரிலேயே நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். ஆகவே சனிக்கிழமை நான் வரவில்லை. ஸ்டேஷனுக்கு வரும் சிரமத்தை விட்டு, தங்கள் தம்பி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பூட்டிய பெட்டியிலிருக்கும் என் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு இங்கே வரட்டும். தங்கள் புதுப் பெயரை மட்டும் அவரிடம் எழுதிக் கொடுத்தனுப்பவும். இந்த உறையில் பழைய பெயரையே எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.