சித்திரையில் நட்ட மாங்கன்று

யுத்தம் முடிந்த மறு வருஷம், சித்திரை முதல் தேதி காலையில் ஒரு வீர சபதம் செய்தேன். இனி இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபடும்! சபதத்தோடு நிற்கவில்லை. திருமானூருக்கு வண்டி கட்டிப் போய், எட்டு மாங்கன்றுகளோடு அரியலூர் திரும்பினேன்.

என் மனைவி அம்சவள்ளி கன்றுகளைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த வெயில்ல யாராச்சும் கன்னு வைப்பாங்களா? ஐப்பசி மழைக்கு வைக்கலாம். இப்ப வேண்டாங்க."

"இப்பத்தான் வைப்பேன்!"

"சரிங்க. வச்சவங்கதான் தண்ணி ஊத்தணும்."

பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் இத்தனை சீக்கிரம் நான் ஜெயித்ததே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஊர்க் கிணறு இரண்டு தெரு தள்ளி. கன்று ஒன்றுக்குக் காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம். மொத்தம் முப்பத்திரண்டு! நான் குடம் தூக்கும் அழகைப் பார்க்கவே பெண்கள் கிணற்றடியில் கூடினார்கள்.

பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் சொன்னாள்: "அண்ணே, கன்னு தழைக்குதோ இல்லியோ, உங்க தோளு நல்லாத் தழைச்சிருச்சு!"

தழைக்கவில்லை. வீங்கியிருந்தது.

பத்தாம் நாள் இரண்டாவது சபதம். "கொல்லையில கிணறு வெட்டப்போறேன்!"

"ஐயோ, வேண்டாங்க! கீழ பூராவும் சுண்ணாம்புப் பாறை. உங்களால ஆவாது."

"ஆவாதா? பாருடி!"

நாலு ஆள் வைத்தேன். நானும் கடப்பாரை பிடித்தேன். பாறையா அது? என் மாமனார் மனசு! இரண்டு மாதம் ஆபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் குழிக்குள்தான் குடித்தனம். முப்பதடியில் ஒருநாள் ஊற்று பீறிட்டது. தெருவே திரண்டு வந்து சந்தோஷத்தில் குதித்தது. அம்சவள்ளி அத்தனை பேருக்கும் பானகம் கொடுத்தாள். நான் சேற்று முகத்தோடு மேலே ஏறி, முதல் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கன்றுகளிடம் ஓடினேன்.

கன்றா? எட்டும் விறகுக் குச்சி. நட்டது எட்டு, நட்டமும் எட்டு.

"போவட்டுங்க," என்றாள் அம்சவள்ளி, முகமெல்லாம் சிரிப்பாக. "ஐப்பசியில வேற வச்சுக்கலாம்."

நான் முகம் கழுவத் திரும்பியதும், பின்னால் ஜெகதாம்பாள் குரல் கேட்டது.

"ஏண்டி, கல்யாணமாயி வந்த நாளா கொல்லையில ஒரு கிணறு வேணும்னு ஏங்கிக் கெடந்தியே. அண்ணனை எப்படிடி சம்மதிக்க வச்சே?"

"நானா? வேண்டாம்னு சொன்னேன்க்கா. அவ்வளவுதான்."