கிரகணத்தன்று எனக்கு வந்த காய்ச்சல்

இந்த விஷயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படியாகவும் இல்லை.

எண்பதாம் வருஷம் பிப்ரவரியில் சூரிய கிரகணம். திருவண்ணாமலையில் ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானம் நடத்தும் அப்பாதுரை வாத்தியாராகிய நான், அதற்கு முன் ஒரு மாதம் முழங்கித் தீர்த்தேன். "சூரியன்ல என்னென்ன இருக்குன்னு இங்கே உக்காந்தே சொல்லலாம்! வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாத்தா போதும்! கிரகணமாவது, பாம்பாவது!" செருப்பு டப்பாவில் இரண்டு பிளேடை ஒட்டி, நடுவில் மயிரிழை இடம் விட்டு, உள்ளே முப்பட்டகக் கண்ணாடி வைத்து ஒரு பெட்டிகூடச் செய்தேன்.

தலைமையாசிரியர் கோதண்டராமன் பூரித்துப்போனார். "சனிக்கிழமை மூணரைக்குப் பசங்களை வெளியில நிக்க வச்சு நீங்களே காட்டிடுங்க சார்."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முழங்கியது வாய்தானே? கிரகணத்தில் நிற்கப்போவது உடம்பாயிற்றே! உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிமேல் தர்ப்பை போட்டு வைத்தது என் மனைவி அல்ல. நான்.

ஆனால் ஒரு திட்டம் இருந்தது. என் மனைவி ரேணுகாம்பாள் கீழ்பென்னாத்தூர் கிராமத்துக்காரி. போகக் கூடாதென்று அழுவாள். "வீட்ல விடலை சார்" என்று தலையைத் தொங்கப்போட்டு மானத்தோடு தப்பிவிடலாம்.

"ரேணுகா, சனிக்கிழமை கிரகணத்துல நான் வெளியில நிக்கணுமாம்."

"நில்லுங்க."

"பட்டப்பகல்ல. மூணரை மணிக்கு."

"குடை எடுத்துட்டுப் போங்க."

"கர்ப்பிணிங்களுக்கு ஆகவே ஆகாதாம்."

"உங்களுக்கு எத்தினி மாசம்?"

"விளையாடாதே. உன் தாலி நிலைக்க வேணாமா?"

"போன வாரந்தான் புதுக் கயிறு மாத்தினேன். கெட்டியாத்தான் இருக்குது."

சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும், காய்ச்சல் காயட்டுமென்று அக்குளில் ஒரு வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு படுத்துவிட்டேன். ரேணுகா நெற்றியைத் தொட்டாள். மூக்கைச் சுளித்தாள். கம்பளியைப் போர்த்தி, ஜன்னலைச் சாத்தினாள்.

மூன்று மணிக்கு வாசலில் தலைமையாசிரியர் குரல். கூட முப்பது பையன்கள்.

"அவருக்குக் காய்ச்சலுங்க. பெட்டி இருக்குது. தோட்டத்துக்கு வாங்க, நான் காட்டறேன்."

"நீங்களாம்மா?"

"ஒரு மாசமா எங்கிட்டதானே ஒத்திகை பாத்தாரு. புஸ்தகத்தையும் படிச்சுட்டேன்."

தெருவில் ஈ காக்கை இல்லை. என் தோட்டத்தில் திருவிழா. ஜன்னலைச் சாத்தினாளே தவிர, என் காதைச் சாத்தவில்லை.

"சூரியனை யாரும் நேரா பாக்கக் கூடாது. வெள்ளைச் சுவத்துமேல விழற வெளிச்சத்தைப் பெட்டி வழியாப் பாருங்க. ஏழு கலர் தெரியுதா? நடுநடுவுல கறுப்புக் கோடு?"

"தெரியுதுங்க!"

"மல்லாட்டை மூட்டையில ஓட்டையைப் பாத்தே, கடிச்சது எலியா அணிலான்னு சொல்லிடுவோமில்ல? இது வெளிச்சத்துல விழுந்த ஓட்டை. சூரியன்மேல இருக்கிற ஆவி ஒவ்வொண்ணும் அதுக்குன்னு உள்ள கலரைக் கடிச்சுக்கும். மஞ்சள்ல இருக்கிறது சோடியம் கடிச்சது. நம்ம உப்புல இருக்குதே, அதே சோடியந்தான். நட்சத்திரத்தையும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க. அங்கே போயா பாக்க முடியும்?"

தொண்டை கிழிய ஒரு மாதம் நான் கத்தியும் விளங்காதது, ஒரு மூட்டை வேர்க்கடலையில் விளங்கிவிட்டது. கம்பளிக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"செவப்பு நட்சத்திரந்தான் சூடு ஜாஸ்தின்னு சார் சொன்னாருங்களே?" என்றான் ஒருவன்.

சொல்லியிருந்தேன். ஆறு வருஷமாக.

"இல்லப்பா. கொல்லன் உலையில இரும்பு மொதல்ல செவக்கும். இன்னும் காய்ஞ்சாத்தான் வெளுக்கும். செவப்புன்னா சூடு கம்மி. நீலந்தான் ஜாஸ்தி."

"அப்போ சார் ஏன்…"

"அவருக்கு உடம்பு சரியில்லப்பா."

விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

கிரகணம் விட்டதும் தலைமையாசிரியர் என்னைப் பார்க்க உள்ளே வந்தார். பதறி எழுந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். வெங்காயம் உருண்டோடி அவர் காலடியில் நின்றது.

அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பெல்லாரியா சார்?"

"ஆமாங்க சார்."

"உடம்பைப் பாத்துக்குங்க."

அவர் போனபின் ரேணுகா குனிந்து வெங்காயத்தை எடுத்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. "உனக்குப் பயமாவே இல்லியா?" என்றேன்.

"இருந்திச்சு. பயப்பட ஒண்ணுமில்லைன்னு நீங்கதானே ஒரு மாசமா சொன்னீங்க? நான் நம்பிட்டேன்."

திங்கட்கிழமை மானத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பலகையில் 'ஒளி' என்று பெரிதாக எழுதிவிட்டுத் திரும்பினேன். அத்தனை பேரும் என்னை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா?"

"டீச்சர் வரலீங்களா, சார்?"